சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய செங்கல் சுவருக்குத் திரும்ப பாயிண்டிங் (கல் இடுக்கான ஜாயிண்டில் புதுச் சாந்து நிரப்புவது) செய்ய எந்தக் கலவை? எவ்வளவு வாங்க வேண்டும்?

நீங்கள் சொன்னது: பூச்சு இல்லாத நாட்டுச் செங்கல் சுற்றுச்சுவர், ஒரு பக்கம் 300 சதுர அடி, ஜாயிண்டில் சாந்து உதிர்கிறது. கொத்தனார் 1:3 சிமெண்ட் கலவை (ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல்), ஐந்து மூட்டை சிமெண்ட் என்கிறார்.

1:3 வேண்டாம். ஐந்து மூட்டையும் வேண்டாம்.

ஐஎஸ் 1905 என்ற இந்தியக் கட்டுமானத் தர விதியின் கணக்கில் 1:3 சிமெண்ட் கலவையின் வலு சதுர மில்லிமீட்டருக்கு 10 நியூட்டன். சூளையில் சுட்ட நாட்டுச் செங்கல் பல இடங்களில் 3.5-ஐத் தொட்டாலே பெரிது. சாந்து எப்போதும் கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். சுவர் குடித்த தண்ணீர் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்து வழியாகத்தான் ஆவியாகிறது. அந்த வழியைச் சிமெண்டால் அடைத்தால் தண்ணீர் கல் வழியாக வரும், கூடவே உப்பும் வரும். உப்பு கல்லின் முகத்துக்குப் பின்னால் பூத்து, முகத்தைத் தகடு தகடாக உரித்துவிடும். சில மழைக்காலம் போனால் கல் உள்வாங்கிப் போய், சிமெண்ட் மட்டும் ஜன்னல் கம்பி போல நீட்டிக்கொண்டு நிற்கும். அப்புறம் கல்லையே மாற்ற வேண்டியதுதான்.

உங்கள் சுவருக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு விழுது, மூன்று பங்கு மணல் போதும். எப்போதும் ஈரம் நிற்கும் அடி வரிகளில் வெறும் சுண்ணாம்பு இறுகாது. அங்கே ஒரு பங்கு மணலுக்குப் பதில் சலித்த செங்கல் தூள் சேருங்கள் (1:1:2). கருகிய கல்லின் தூள் உதவாது. சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் கிடைக்காவிட்டால் சிமெண்ட் 1, சுண்ணாம்பு 2, மணல் 9. அதைத் தாண்டி சிமெண்டைக் கூட்ட விடாதீர்கள். வெள்ளையடிக்க விற்கும் பசை கலந்த பாக்கெட் சுண்ணாம்பு இதற்கு ஆகாது. கல் சுண்ணாம்பை நீற்றி, சலித்து, குறைந்தது இரண்டு வாரம் தண்ணீருக்கடியில் ஊற வையுங்கள். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

அளவுக்கு வருவோம். சதுர அடியை வைத்து மூட்டை சொல்வதில்தான் தப்பு நடக்கிறது. சுவரில் ஒரு மீட்டர் சதுரம் சாக்பீஸால் வரைந்து, அதற்குள் இருக்கும் ஜாயிண்ட் நீளத்தை டேப்பால் அளந்து கூட்டுங்கள். 9 × 4½ × 3 அங்குலக் கல், ஒரு வரி நீளவாக்கு, ஒரு வரி தலைவாக்கு (குறுகிய முகம் வெளியே) என்றால் சுமார் 17 மீட்டர் வரும். ஜாயிண்ட் 12 மி.மீ. அகலம், 25 மி.மீ. ஆழம் என்றால் மீட்டருக்கு 0.3 லிட்டர். 300 சதுர அடி என்பது 28 சதுர மீட்டர். 28 × 17 × 0.3 = சுமார் 143 லிட்டர். சிந்துவது, சேதாரம் சேர்த்து 175 லிட்டர் என்று வையுங்கள். மணலின் இடைவெளிக்குள் சுண்ணாம்பு அடங்கிவிடுவதால், கலவையின் அளவும் மணலின் அளவும் ஏறக்குறைய ஒன்றே. ஆக மணல் 175 லிட்டர் (சலித்தபின் 6¼ கன அடி, 7 வாங்குங்கள்), சுண்ணாம்பு விழுது 60 லிட்டர். 1:2:9 என்றால் சிமெண்ட் 28 கிலோ, சுண்ணாம்பு 40 லிட்டர். கொத்தனார் சொன்ன 1:3-க்கே 84 கிலோதான், இரண்டு மூட்டைகூட முழுதாக ஆகாது!

மணல் ஈரமாக இருந்தால் உப்பி, கால் பங்கு வரை அதிகமாகக் காட்டும். காய்ந்த மணலை அளந்து எடுங்கள். 2.36 மி.மீ. சல்லடையில் சலியுங்கள், உப்பு மணல் கூடவே கூடாது.

கிரைண்டர் வேண்டாம், செங்குத்தாக நிற்கும் ஜாயிண்டில் கல்லின் ஓரத்தை அறுத்துவிடும். மெல்லிய உளியால் அகலத்தின் இரண்டு மடங்கு ஆழம், உள்பக்கம் சதுரமாக எடுங்கள். வெளியே அகலமும் உள்ளே கூர்மையுமாக விட்டால் புதுச் சாந்து பிடிப்பில்லாமல் கழன்று விழும். தூசியைத் தட்டி, முந்தின நாள் மாலையே நனைத்துவிடுங்கள். பூசும்போது கல் ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் வழியக் கூடாது. கலவை கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிற பதம். மேலிருந்து கீழாக, இரண்டு தடவையாக அழுத்தி நிரப்புங்கள். முதல் அடுக்கில் கட்டைவிரல் பதியாத பதம் வந்தபின் அடுத்தது. கல்லின் முகத்தைவிட ஒரு நூல் (சுமார் 3 மி.மீ.) உள்ளே நிறுத்துங்கள். சற்று இறுகியதும் கெட்டியான பிரஷ்ஷால் தட்டினால் மேல்தோல் திறந்து காற்று உள்ளே போகும். சுண்ணாம்பு இறுகுவது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான். ஈரம் இருந்தால்தான் அது நடக்கும், அதனால் பத்து நாளாவது ஈரச்சாக்கு தொங்கவிட்டு, வெயில் நேராகப் படாமல் பாருங்கள். மழைக்காலம் நெருங்கும்போது தொடங்காதீர்கள்.

ஏற்கெனவே சிமெண்ட் ஒட்டுப் போட்ட இடங்களில் கல் உடைய வரும் என்றால் பிடுங்க வேண்டாம். தானாகக் கழன்றதை மட்டும் எடுத்துவிட்டு நிரப்புங்கள்.