லண்டன் – நியூயார்க்: ஒரே தூரம்தான், போகவும் வரவும் நேரம் ஏன் வேறு?

தூரம் சுமார் 5,550 கி.மீ. போக ஏறத்தாழ 8 மணி நேரம், திரும்ப 7தான். காரணம் காற்று. பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது, குளிர்காலத்தில் இன்னும் வேகமாக. லண்டனுக்குத் திரும்பும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளிவிடும், போகும்போது எதிர்க்காற்று. 2020 பிப்ரவரியில் ஒரு புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து 5 மணி நேரத்துக்கும் குறைவாகவே லண்டன் வந்து சேர்ந்தது!

அப்புறம், டிக்கெட்டைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். காலை 11-க்குக் கிளம்பி மதியம் 2-க்கு இறங்குவதாகப் போட்டிருக்கும். மூன்று மணி நேரப் பயணமா? இல்லை, இரண்டும் அந்தந்த ஊர் நேரம். நியூயார்க் பெரும்பாலும் 5 மணி நேரம் பின்தங்கியிருக்கும், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். தரையில் ஊர்ந்துபோகும் நேரமும் அந்த எட்டுக்குள் அடக்கம்.