மியூசிக்பிரைன்ஸ்ல (எல்லாரும் சேந்து ஆல்பம், பாட்டு விவரம் ஏத்துற இணையதளம்) ரெண்டு தடவ ஏறின ஆல்பத்த எப்படி டெலீட் பண்றது? அதுக்கு எதுக்கு 7 நாள் ஓட்டெடுப்பு?

நீங்க கேக்குறத பாத்தா ஏதோ பழைய தமிழ்ப்பட கேசட் ரெண்டு தடவ ஏறிக் கிடக்கு, ஒண்ண தூக்கிடலாம்னு இருக்கீங்க போல. தயவுசெஞ்சு தூக்காதீங்க, மெர்ஜ் பண்ணுங்க, அதாவது ரெண்டு என்ட்ரியையும் ஒண்ணா சேத்துடுங்க. ஒவ்வொரு என்ட்ரிக்கும் எம்பிஐடின்னு ஒரு நம்பர் இருக்கு, மெர்ஜ் பண்ணா சேத்துவிட்ட என்ட்ரியோட நம்பர் மிச்சம் இருக்குற என்ட்ரிக்கு தானா திருப்பி விட்டுரும், ரிமூவ் பண்ணா அந்த நம்பர் அவ்வளவுதான், பிக்கார்ட்ங்கற அவங்க சாஃப்ட்வேர்ல பாட்டு ஃபைலுக்கு டேக் போட்டு வச்சவங்க ஃபைல் எல்லாம் அந்தரத்துல நிக்கும்.

நான் இத பட்டுத்தான் தெரிஞ்சுகிட்டேன். 2019ல ஒரு கேசட் என்ட்ரி கண்ணுல பட்டுச்சு, ஏ சைடுல ஒரு படம் பி சைடுல வேற படம், அஞ்சு அஞ்சு பாட்டு. ரெண்டு படமும் தனித்தனியா ஏற்கனவே இருந்துச்சு. அந்தக் காலத்துல கடையில லிஸ்ட் எழுதிக் கொடுத்தா பாட்டு பதிஞ்சு தருவாங்கல்ல, அப்படி யாரோ பதிஞ்ச கேசட்ட ஏத்திட்டாங்கன்னு நானா முடிவு பண்ணி, எடிட் நோட்ல (மாத்தத்துக்குக் காரணம் எழுதுற இடம்) "டூப்ளிகேட்"னு ஒரே வார்த்தை எழுதி ரிமூவ் கொடுத்தேன். யாருமே ஓட்டு போடல. மத்தவங்க பாத்து எதிர்க்கத்தான் அந்த 7 நாள் ஓட்டெடுப்பு, எதிர்ப்பு இல்லன்னா 7 நாள் முடிஞ்சதும் அதுவே நிறைவேறிடும், எனக்கு அப்போ அது சம்மதம் மாதிரி தெரிஞ்சுது.

எட்டு மாசம் கழிச்சு அத ஏத்தினவர்கிட்ட இருந்து மெசேஜ். கேசட் உறைய போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். கம்பெனி பேரு, கேட்டலாக் நம்பர், விலை எல்லாமே அச்சுல இருக்கு, ஓரத்துல நீல மையில அவங்க அப்பா பேரு. ரெண்டு படத்த ஒரே கேசட்டா கம்பெனியே போட்டு வித்திருக்கு, அசல் வெளியீடு. திட்டக்கூட இல்ல அவரு, "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்"னு மட்டும் எழுதியிருந்தார். ரெண்டு பேருமா உக்காந்து திரும்ப ஏத்தினோம், ஆனா நம்பர் புதுசு, பழசு வரல.

டெலீட்டே கூடாதுன்னு நான் சொல்ல வரல, உடனே கமென்ட்ல சண்டைக்கு வராதீங்க. விளம்பரக் குப்பை, வீட்டுல சேத்த பிளேலிஸ்ட், இல்லாத ஆல்பம் இதெல்லாம் போகத்தான் வேணும். ஆனா கேசட்டும் சிடியும் வேற வேற ரிலீஸ், ஒரே பாட்டு இருக்குங்கறதால டூப்ளிகேட் ஆயிடாது. இளையராஜா பேர இங்கிலீஷ்ல நாலு விதமா எழுதுவாங்க, அது அலியாஸ்ல (மாற்றுப் பேர் பட்டியல்) போக வேண்டியது, அதுக்காக ஆர்ட்டிஸ்ட்ட தூக்கக் கூடாது.

இன்னொண்ணும் சொல்லிடுறேன், மனசுல ரொம்ப நாளா இருக்கு. பாட்டு கேக்குற ஆப்ல பாதி பாட்டுக்கு எழுதினவர் பேரே வர்றதில்ல. சொந்தமா ராத்திரி பகலா உக்காந்து வரி எழுதின மனுஷன் பேரு அந்த கேசட் உறையிலதான் இருக்கு, பல பாட்டுக்கு அத விட்டா வேற ஆதாரமே கிடையாது. அதனாலதான் ஒரு என்ட்ரி போனா எனக்கு இவ்வளவு பதறுது.

நீங்க முதல்ல எடிட் ஹிஸ்டரிக்குப் போய் அத சேத்த எடிட்ட பாருங்க, அதுலயே கேள்விய நோட்டா போடுங்க, போட்டவருக்கு மெயில் போகும். பதில் வர்ற வரைக்கும் ரிமூவ் பட்டன் பக்கம் போகாதீங்க.