தாங்கள் பார்க்காததை எழுதியவர்கள்

கேள்வி: மில்லினியல் தலைமுறை எழுத்தாளர்களின் முக்கியமான நாவல்கள் எவை? காதல் தோல்வி, கைபேசி, மனச்சோர்வு இவற்றைத் தாண்டி அவர்களிடம் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. என் வாசிப்பில் இந்தத் தலைமுறையின் ஆகச்சிறந்த நாவல்கள் எல்லாமே அவற்றைத் தாண்டித்தான் இருக்கின்றன.

1981 முதல் 1996 வரை பிறந்தவர்களை மில்லினியல்கள் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். நானும் அதற்குள் வருகிறவன்தான். நாவல்களைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என் அப்பத்தாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தெரியாமல் நான் ஏன் இந்தப் புத்தகங்களைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்பது விளங்காது.

அப்பத்தா தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22 இரவு புயலில் கடல் ஊருக்குள் வந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயில் பயணிகளோடு போனது. ஊர் இனி குடியிருக்க லாயக்கில்லை என்று அரசே அறிவித்தது. இவை எனக்குப் புத்தகத்தில் கிடைத்தவை. அப்பத்தாவிடம் கிடைத்தது ஒரே ஒரு வரி: "அண்ணன் எந்திரிச்சுக் கதவைத் தொறந்துச்சு." அதோடு நிறுத்திவிடுவார். "அப்புறம் என்ன ஆச்சு அப்பத்தா?" என்று கேட்டால், "அப்புறம் விடிஞ்சிருச்சு" என்பார். கார்த்திகை, மார்கழியில் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலும் ரேஷன் கார்டையும் தீப்பெட்டியையும் பாலிதீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்வார். கதவு திறந்ததற்கும் விடிந்ததற்கும் நடுவில் நடந்ததை நான்தான் சின்ன வயதிலிருந்து மனதுக்குள் கட்டிக்கொண்டே வந்திருக்கிறேன்.

இந்தத் தலைமுறை எழுத்தாளர்களில் பலர் அந்த நடுப்பகுதியைத்தான் எழுதுகிறார்கள். பெரிய சம்பவம் அவர்கள் பிறப்பதற்கு முன்பே முடிந்திருக்கும், அல்லது அது நடந்தபோது அவர்கள் வேறெங்கோ பாதுகாப்பாக இருந்திருப்பார்கள். வீட்டில் பாதிக் கதை மட்டும் சொல்லப்பட்டிருக்கும். மீதியை அவர்கள் கட்டுகிறார்கள்.

"கட்டுதல்" என்ற சொல்லைக்கூட நான் ஒரு நாவலிலிருந்துதான் எடுத்தேன். அனுக் அருட்பிரகாசம் 1988இல் கொழும்பில் பிறந்த தமிழர், ஆங்கிலத்தில் எழுதுகிறவர். அவருடைய இரண்டாவது நாவல் 'எ பாஸேஜ் நார்த்' 2021இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இருந்தது. கதை என்று பார்த்தால் மிகச் சிறியது. கிருஷன் என்ற இளைஞனின் பாட்டியைப் பார்த்துக்கொண்ட ராணி என்ற பெண் வடக்கே தன் ஊரில் கிணற்றில் விழுந்து இறந்துபோகிறார். அவருடைய இறுதிச் சடங்குக்காக கிருஷன் கொழும்பிலிருந்து கிளிநொச்சிப் பக்கம் ரயிலில் போகிறான். அவ்வளவுதான். இலங்கை உள்நாட்டுப் போரில் இரண்டு மகன்களையும் இழந்தவர் ராணி. இளையவன் இறந்தது போர் முடிவதற்கு முந்தைய நாள்.

போர் முடியும்போது கிருஷன் டெல்லியில் படித்துக்கொண்டிருந்தான். இரவெல்லாம் கணினி முன் உட்கார்ந்து படங்களையும் காணொளிகளையும் சாட்சியங்களையும் தேடித் தேடிப் பார்க்கிறான். எந்த ஊரில் எந்த நாளில் என்ன நடந்தது என்று மனதுக்குள் வரிசைப்படுத்துகிறான். தான் செய்துகொண்டிருப்பது என்ன என்று அவன் யோசிக்கும்போது நாவலில் யார் வருகிறார் தெரியுமா? பூசலார் நாயனார். பெரியபுராணத்தில் வரும் அதே திருநின்றவூர்ப் பூசலார். கோயில் கட்டக் காசில்லாமல் மனதுக்குள்ளேயே அஸ்திவாரம் தோண்டி, கல்மேல் கல் வைத்து, குடமுழுக்குக்கு நாளும் குறித்தவர். காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலுக்கும் அதே நாளில் குடமுழுக்கு என்பதால், உன் நாளை மாற்றிவை என்று சிவனே கனவில் வந்து மன்னனிடம் சொன்ன கதை. சின்ன வயதில் திருவிழாச் சொற்பொழிவில் கேட்ட கதையை, முள்ளிவாய்க்காலை இணையத்தில் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பையனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருந்ததைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். அன்றைக்கு அதற்குமேல் படிக்க முடியவில்லை.

இந்த நாவலில் உரையாடலே கிடையாது. யார் என்ன பேசினாலும் கிருஷன் அதை நினைத்துப் பார்ப்பதாகவே வரும். வாக்கியங்கள் மிக நீளம், அரைப்பக்கம்கூடப் போகும். முதல் முப்பது பக்கம் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ரயில் கிளம்பிய பிறகு பழகிவிட்டது.

அவருடைய முதல் நாவல் இதைவிடக் கடினம். நீளத்தால் சொல்லவில்லை, சிறிய புத்தகம்தான். 'த ஸ்டோரி ஆஃப் எ ப்ரீஃப் மேரேஜ்', 2016இல் வந்தது, அடுத்த ஆண்டு தெற்காசிய இலக்கியத்துக்கான டிஎஸ்சி பரிசு பெற்றது. போரின் கடைசி மாதங்களில் ஒரு முகாமில் ஏறக்குறைய ஒரு நாள் நடப்பதுதான் முழு நாவலும். ஏற்கெனவே ஒரு காலை இழந்த ஆறு வயதுப் பையனை, கையையும் எடுப்பதற்காக, தினேஷ் என்ற இளைஞன் தூக்கிக்கொண்டு போவதில் நாவல் தொடங்குகிறது. மயக்க மருந்து கிடையாது. அன்றைக்கே ஒரு பெரியவர் வந்து தன் மகள் கங்காவைக் கட்டிக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறார்.

குண்டுவீச்சைப் பற்றி எழுதியவர்கள் பலர் உண்டு. அனுக் அந்த முகாமில் ஒருவன் குளிப்பதை எழுதியிருக்கிறார். பல நாளாகக் குளிக்காத தினேஷ், ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் படுக்கப் போகிறோமே என்று சோப்பு வாங்கிக்கொண்டு போகிறான். தலைமுடியை வெட்டுகிறான், நகத்தை வெட்டுகிறான், தண்ணீர் ஊற்றி ஊற்றி அழுக்கைக் கரைக்கிறான். பக்கம் பக்கமாகப் போகிறது அந்தக் குளியல். நாளைக்கு இருப்போமா என்று தெரியாதவன் தன் உடம்பை அத்தனை மரியாதையோடு கழுவுவதைப் படித்தபோது, மரண எண்ணிக்கைகள் எனக்குச் சொல்லாத ஒன்று புரிந்தது. அங்கே இருந்தவர்கள் கடைசி நிமிடம்வரை சாதாரண மனிதர்களாக இருக்க முயன்றார்கள்.

அங்கே இல்லாத ஒருவர் இதை எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வன்னியின் கதையைத் தமிழிலேயே படிக்க வேண்டும் என்றால் சயந்தனின் 'ஆதிரை' இருக்கிறது, 2015இல் வந்தது. பேச்சும் மண்ணும் மனிதர்களும் அதில் நெருக்கமாக இருக்கிறார்கள், அதையும் கட்டாயம் படிக்க வேண்டும். ஆனால் ஒன்று இருப்பதால் இன்னொன்று தேவையில்லை என்று ஆகாது.

ஈழம் பற்றிப் பேசும்போது வி. வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்' நாவலை விட முடியாது. அவர் 1980இல் அமெரிக்காவில் பிறந்தவர், கணக்குப்படி எல்லைக்கோட்டுக்கு ஒரு வருடம் வெளியே. பரவாயில்லை. 2023இல் வந்த இந்த நாவல் அடுத்த ஆண்டு பெண்களுக்கான புனைவுப் பரிசை வென்றது. எழுதி முடிக்க ஏறக்குறைய இருபது வருடம் ஆனதாம். யாழ்ப்பாணத்தில் மருத்துவராக வேண்டும் என்று படிக்கும் சசிகலா, அவளுடைய நான்கு சகோதரர்கள், பக்கத்துத் தெருப் பையன் கே. தொடக்கத்திலேயே சசி கொதிக்கும் தண்ணீரைத் தன்மேல் கொட்டிக்கொள்வாள். அலறல் கேட்டு ஓடிவரும் கே, வெந்த இடத்தில் முட்டைகளை உடைத்து ஊற்றுவான். அதே கே பிறகு விடுதலைப் புலிகள் இயக்கத்துக்குப் போய், உண்ணாவிரதம் இருந்து சாகும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் சசிதான். முட்டையில் தொடங்கியதை ஆசிரியர் அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கும் விதத்துக்காகவே படிக்கலாம். அரசாங்கம், இயக்கம், இந்திய அமைதிப்படை என்று ஒருவரையும் விடாமல் கேள்வி கேட்கிறது.

சரி, ஈழத்திலிருந்து ஆப்பிரிக்காவுக்கு. யா ஜ்யாசி 1989இல் கானாவில் பிறந்து அமெரிக்காவின் அலபாமாவில் வளர்ந்தவர். கல்லூரியில் படிக்கும்போது கானாவுக்குப் போய் கேப் கோஸ்ட் கோட்டையைச் சுற்றிப் பார்க்கிறார். மேல் மாடியில் பிரிட்டிஷ் அதிகாரிகள் உள்ளூர்ப் பெண்களை மணந்து குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். அதே கட்டடத்தின் அடியில் அடிமைகளை அடைத்து வைத்த நிலவறை. இந்த மேல்மாடியும் நிலவறையும்தான் 2016இல் வந்த 'ஹோம்கோயிங்' நாவல். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு சகோதரிகள், தாய் ஒருத்திதான். எஃபியா மேலே மனைவியாக இருக்கிறாள், எஸி கீழே இருட்டில் கிடக்கிறாள். அங்கிருந்து ஏழு தலைமுறை. ஓர் அத்தியாயம் எஃபியாவின் வம்சத்தில் ஒருவருக்கு, அடுத்தது எஸியின் வம்சத்தில் ஒருவருக்கு என்று மொத்தம் பதினான்கு பேர்.

ஒவ்வொரு ஆளும் நமக்குப் பிடித்துப்போகும் நேரத்தில் அத்தியாயம் முடிந்துவிடும். அடுத்து அவருடைய பிள்ளை வரும்போது, நமக்குத் தெரிந்ததுகூட அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்காது. இதுதான் என்னை உலுக்கியது. அடிமைமுறை முடிந்த பிறகும் அற்பக் குற்றச்சாட்டில் சிறைப்பட்டு, அலபாமாவின் நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கூலியில்லாத கைதியாக அனுப்பப்படும் 'ஹெச்' என்பவருக்கு முழுப்பெயர்கூடக் கிடையாது. அவருடைய தாய் யார், அவள் எப்படிப் பறிபோனாள் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. கானாப் பக்கத்தில் யாவ் என்று ஒரு வரலாற்று ஆசிரியர் வருவார், முகத்தில் தீக்காயத் தழும்பு. இது எப்படி வந்தது என்று மாணவர்களை ஆளுக்கொரு கதை சொல்லச் சொல்வார். பிறகு, இதில் எது உண்மை என்று கேட்பார். நான் ஒரு பள்ளி ஆசிரியன். அந்தப் பாடத்தை என் வகுப்பிலும் நடத்திப் பார்த்திருக்கிறேன், என் முழங்கைத் தழும்பை வைத்து.

சாலி ரூனியைச் சொல்லாமல் போனால் இந்தப் பதிலை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 1991இல் அயர்லாந்தில் பிறந்தவர், 'நார்மல் பீப்பிள்' 2018இல் வந்தது. காதல் கதை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது வாடகைக் கதையாகத்தான் படுகிறது. கானலின் அம்மா மேரியானின் வீட்டில் வேலை செய்கிறவர். கோடை விடுமுறையில் வேலை போய், அறை வாடகை கொடுக்க வழியில்லாமல் நிற்கும் கானல், உன் வீட்டில் தங்கிக்கொள்ளட்டுமா என்று மேரியானிடம் கேட்கக் கூச்சப்படுகிறான். கேட்காததால் பிரிகிறார்கள். அவ்வளவு சின்ன விஷயம். நண்பர்கள் கூடும் இடம், கட்டி விற்காமல் காலியாகக் கிடக்கும் வீடுகள். 2008 பொருளாதாரச் சரிவு அந்தப் பிள்ளைகளுக்கு விட்டுப்போனது அது. இதற்குமேல் ரூனியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

எலினார் காட்டன் 2013இல் தன் 28ஆவது வயதில் புக்கர் வாங்கிய 'த லூமினரீஸ்' எண்ணூறு பக்கத்துக்கு மேல். நியூசிலாந்தின் தங்க வேட்டைக் காலம். மழைக்கால விடுமுறை கிடைத்தால் எடுங்கள். தமிழில் நம் வயதுக்காரர்கள் எழுதியதில் கார்த்திக் பாலசுப்ரமணியனின் 'நட்சத்திரவாசிகள்' மென்பொருள் நிறுவன வாழ்க்கையை உள்ளிருந்து சொல்கிறது. சுனில் கிருஷ்ணனின் 'நீலகண்டம்' பெற்றோராக இருப்பதன் வலியைப் பேசுகிறது. இரண்டுக்கும் தனியாகவே எழுத வேண்டும்.

கடைசியாக ஓஷன் வுவாங். 1988இல் வியட்நாமில் பிறந்து, இரண்டு வயதில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டுக்குப் போனவர். 2019இல் வந்த 'ஆன் எர்த் வி ஆர் ப்ரீஃப்லி கார்ஜியஸ்', எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு மகன் எழுதும் கடிதம். மகனுக்குப் பெயர் 'நாய்க்குட்டி'. மோசமான பெயராக வைத்தால் கெட்ட ஆவிகள் குழந்தையைத் தூக்கிப்போகாது என்று பாட்டி வைத்தது. எங்கள் பக்கத்தில் குப்பை, பிச்சை என்று பெயர் வைப்பதும் இதற்காகத்தானே. என் அப்பாவின் பெயரே பிச்சை. அவருக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை.

அதில் ஒரு காட்சி. அம்மாவும் பாட்டியும் பையனும் மாட்டுவால் வாங்கப் பல்பொருள் கடைக்குப் போகிறார்கள். அதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அம்மா முதுகுக்குப் பின்னால் விரலை வைத்து வாலாட்டிக் காட்டுகிறார், மாடு மாதிரிக் கத்திக் காட்டுகிறார். கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள். வால் கிடைக்காமல், ரொட்டியும் மயோனைஸும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். இந்தக் காட்சியை அப்பத்தாவுக்குத் தமிழில் சொன்னேன். மாடு மாதிரிக் கத்தியதற்குச் சிரித்தார். பிறகு, "அந்தப் பய அப்புறமாச்சும் அவுக பாஷையைப் படிச்சானா?" என்று கேட்டார். படித்தான் அப்பத்தா என்றேன். அந்தக் கடையிலிருந்துதான் அவன் வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளன் ஆகிறான்.

எதிலிருந்து தொடங்குவது? ஆங்கிலத்தில் அதிகம் படித்துப் பழக்கம் இல்லை என்றால் 'ஹோம்கோயிங்'. ஒவ்வொரு அத்தியாயமும் தனிக் கதை மாதிரி, தினம் ஒன்று போதும். அடுத்து 'பிரதர்லெஸ் நைட்', மொழி தெளிவாக இருக்கும், இடங்களும் சம்பவங்களும் நமக்கு ஓரளவு தெரிந்தவை. வுவாங் கவிஞர், அவரை மெதுவாகத்தான் படிக்க முடியும். அனுக்கைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், முதலில் ரயில் பயண நாவல், பிறகு முகாம் நாவல். முகாம் நாவலின் முதல் சில பக்கங்களை மட்டும் பகலில், வீட்டில் ஆள் இருக்கும்போது படியுங்கள்.