முன்கூட்டிப் பேசாமல் எப்படிச் சேர்ந்து முடிக்கிறார்கள்?

கேள்வி: பழைய ஜாஸையும் எந்தக் கட்டும் இல்லாத மனோதர்மத்தையும் (அந்த நேரத்துக் கற்பனை வாசிப்பையும்) கலந்து வாசிக்கும் சிறு குழுக்களைக் கேட்டால், ஆளுக்கொரு பக்கம் போவதுபோல் இருக்கிறது. ஆனால் கடைசியில் சேர்ந்து முடித்துவிடுகிறார்களே, எப்படி?

நான் வாத்தியக்காரன் இல்லை. என் பெரியப்பா திருமங்கலம் பக்கம் தவில் வாசித்தவர். சின்ன வயதில் அவர் பின்னால் ஊர் ஊராகத் திருவிழாவுக்கு அலைந்ததுதான் எனக்குள்ள ஒரே தகுதி. நீங்கள் கேட்டதையே அவரும் ஒருமுறை கேட்டார், அதனால் எழுதுகிறேன்.

ஒரு நாள் அவருக்குக் கைபேசியில் ஒரு பதிவைப் போட்டுக் காட்டினேன். 1963இல் நியூயார்க்கில் ஒரு காபிக் கடையில் வாசித்தது. ஸ்டீவ் லேசி சோப்ரானோ சாக்ஸபோன், ராஸ்வெல் ரட் டிராம்போன், கூட ஒரு டபுள் பாஸ், ஒரு டிரம்ஸ். பியானோ கிடையாது. மெட்டுகள் எல்லாம் ஜாஸ் பியானோக்காரர் தெலோனியஸ் மங்க் போட்டவை. பெரியப்பா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “என்னடா இது, ஆளுக்கொரு ஊருக்கு டிக்கெட் எடுத்திருக்கானுக” என்றார். அப்புறம் டீ ஆறும்வரை பேச்சே இல்லை. “கொட்டுக்காரனுக்குக் காது இருக்கு. ஆனா தீர்மானம் எங்கடா வைப்பான்?” தீர்மானம் என்றால் வாசிப்பை முடித்துவைக்கும் தாளக் கட்டு.

லேசியும் ரட்டும் ஆரம்பத்தில் டிக்ஸிலேண்ட் என்கிற பழைய நியூ ஆர்லியன்ஸ் பாணியை வாசித்தவர்கள். அந்தப் பாணியில் மெட்டைக் கார்னெட் (டிரம்பெட் மாதிரி ஒரு ஊதுகுழல்) பிடித்துக்கொள்ளும், கிளாரினெட் அதற்கு மேலே பின்னும், டிராம்போன் கீழே வழுக்கிக்கொண்டு போகும். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கற்பனை செய்கிறார்கள். ஆகவே நீங்கள் சொல்லும் ‘ஆளுக்கொரு பக்கம்’ 1960களில் முளைத்தது இல்லை, ஜாஸ் பிறந்தபோதே இருந்தது. அவர்களைச் சேர்த்துக் கட்டியது திரும்பத் திரும்ப வரும் தாளச் சுற்றுதான். புளூஸ் என்கிற பாட்டு வகை என்றால் ஒரு சுற்று பெரும்பாலும் 12 பார் (தாளக் கட்டம்), பாருக்கு 4 அடி, மொத்தம் 48 அடி. நம் எட்டடி ஆதி தாளத்தில் ஆறு ஆவர்த்தனம், அதாவது ஆறு சுற்று, என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே சுற்றினாலும் எந்த இடத்தில் வந்து சேர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கட்டில்லாத வாசிப்பில் அந்தச் சுற்றை எடுத்துவிடுகிறார்கள். அப்போது முடிப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. சத்தம் தானாக மெலியும். ஒருவர் இதோடு போதும் என்கிற மாதிரி ஒரு சின்னப் பிடி வைப்பார். மற்றவர்கள் ஒத்துக்கொண்டால் முடிந்தது. ஒருவர் மட்டும் ஒற்றை ஸ்வரத்தை இழுத்துக்கொண்டிருந்தால், போச்சு, இன்னும் ஐந்து நிமிடம் ஓடும். இப்படிப் பொய்யாக முடிந்து மறுபடி கிளம்பும் இடங்கள்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இரண்டையும் கலக்கும் குழுக்களுக்கு ஒரு வசதி உண்டு: பழைய மெட்டு எங்கேயோ காத்துக்கொண்டிருக்கிறது. யாராவது அதில் நாலு ஸ்வரம் எடுத்தால் போதும், மற்றவர்கள் வந்து ஒட்டிக்கொள்வார்கள். மதுரைச் சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் சாமிக்குப் பின்னாலேயே நடந்தவர்களுக்கு இது புரியும். மண்டகப்படியில் சாமி நிற்கும்போது நாகஸ்வரக்காரர் நிதானமாக ராகம் இழுப்பார். பல்லக்கைத் தூக்கத் தோள் கொடுத்ததும் கடைக்கண்ணால் ஒரு பார்வை, தவில் விழும், எல்லாம் சேர்ந்து நகரும். பேச்சே கிடையாது. ஆனால் இந்த ஒப்புமையை ரொம்ப இழுக்கக் கூடாது. ராகம் எது என்று நம்மவர்கள் தொடங்கும்போதே தெரிந்துவிடுகிறது. அங்கே சில நேரம் சுருதிகூடப் பொது இல்லை.

ஒன்று கேட்டுப் பாருங்கள். சாக்ஸபோன்காரர் ஆர்நெட் கோல்மன் 1960 டிசம்பரில் பதிவு செய்து மறு வருடம் வெளிவந்த ‘ஃப்ரீ ஜாஸ்’. சிறு குழு என்று சொல்ல முடியாது, இரண்டு நால்வர் குழுக்கள் ஒரே நேரத்தில் வாசிக்கின்றன, ஏறக்குறைய 37 நிமிடம். ஆனால் ஒவ்வொருவரின் தனி வாசிப்புக்கும் முன்னால் எழுதிவைத்த ஒரு சின்னக் கூட்டு வாசிப்பு வரும். பெரியப்பா தேடிய தீர்மானத்துக்குக் கிட்டத்தட்ட அதுதான் பதில். இரண்டு டிரம்ஸ்காரர்களில் ஒருவரான எட் பிளாக்வெல் நியூ ஆர்லியன்ஸிலேயே பிறந்தவர். அந்த ஊர் அணிவகுப்புக் கொட்டு அவர் கையில் இருக்கிறது.

கட்டாயம் இயர்போனில் கேளுங்கள், ஒரு குழு இடது காதில், இன்னொன்று வலது காதில். இரண்டு பக்கமும் வேலை செய்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். நான் பெரியப்பாவுக்கு மாட்டிவிட்டதில் வலது பக்கம் செத்துப்போயிருந்தது. எனக்குத் தெரியாது. முழுசாகக் கேட்டு முடித்து, “இவனுக பரவால்லையே, நாலே பேரு, நெருக்கடியே இல்ல” என்று பாராட்டினார்.