4294967297: கேள்வி பதில்

கேள்வி: 4294967297, அதாவது 2^32 + 1, பகா எண் என்று கணிதவியலாளர் ஃபெர்மா சொன்னாராமே, சார்?

பதில்: அப்படித்தான் நம்பினார். 2^(2^ந) + 1 வடிவ எண்களை ஃபெர்மா எண்கள் என்பார்கள்; அந்த வரிசையில் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்களே. ஆறாவதான இதை 1732-இல் கணிதவியலாளர் ஆய்லர் உடைத்தார்: 641 × 6700417.

கேள்வி: கையால் 641 வரை ஒவ்வொன்றாக வகுத்தா பார்த்தார்?

பதில்: தேவையே இல்லை. ப என்ற பகா எண் இதை வகுத்தால், ப-ஆல் வகுக்கும்போது 2^32-இன் மீதி −1, 2^64-இன் மீதி 1. ஆக 2-இன் வரிசை, அதாவது மீதி 1 வரும் மிகச் சிறிய அடுக்கு, சரியாக 64. அது ப − 1-ஐ வகுத்தாக வேண்டும். எனவே 64க + 1 (க முழு எண்) வடிவப் பகா எண்கள் மட்டும் போதும்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே சிக்கிவிட்டது. 1878-இல் கணிதவியலாளர் லூக்கா இதை 128க + 1 என்று இறுக்கினார். அப்படியானால் 257, அடுத்து 641.

கேள்வி: 6700417-ஐ மேலும் உடைக்க முடியாதா?

பதில்: முடியாது. அதன் வர்க்கமூலம் சுமார் 2588. அதற்குள் 128க + 1 வடிவப் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. 257-உம் ஃபெர்மா எண். இரண்டு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி கிடையாது, அதை விடுங்கள். மற்ற நான்கில் மீதிகள் முறையே 44, 120, 334, 622. பகா எண்தான்.

கேள்வி: 4294967297-இன் வகுத்திகளின் கூடுதல், ஆய்லர் சார்பு (அதைவிடச் சிறியதாய், அதனுடன் பொதுக் காரணி இல்லாத எண்களின் எண்ணிக்கை)?

பதில்: கூடுதல் 4301668356; சார்பு 640 × 6700416 = 4288266240.

கேள்வி: இதே எண்ணை 65536² + 1² தவிர வேறு இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா?

பதில்: 62264² + 20449². இரண்டாவது வழி இருப்பதே பகு எண் என்பதற்குச் சான்று. காரணியும் அதிலிருந்தே வரும். 65536 − 62264 = 3272, 20449 − 1 = 20448; மீ.பொ.வ. 8. கூட்டினால் 127800, 20450, மீ.பொ.வ. 50. 8, 50 இரண்டையும் பாதியாக்குங்கள்: 4² + 25² = 641. எனக்கு மிகவும் பிடித்த வழி இது. ஆனால் அந்த இரண்டாவது ஜோடியைத் தேடுவதுதான் பெரும்பாடு.

கேள்வி: என் சி நிரல் 2-ஐ அடிமானமாக (அடுக்கேற்றும் எண்ணாக) வைத்த பகா எண் சோதனையில் இதைப் பகா எண் என்கிறது. 3 வைத்தால் குழப்பமான விடை.

பதில்: இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். 2^32-இன் மீதி −1 என்பதால் அடிமானம் 2 ஏமாறும், இன்னும் கடுமையான மில்லர்-ராபின் பகா எண் சோதனையிலும்கூட. 3-ஐ எடுத்தது சரி. அதில் வருவது நிரம்பி வழியும் பிழை. மீதி 2^32 வரை போகலாம். அதன் வர்க்கம் 2^64, குறியற்ற 64 பிட்டில் அது 0 ஆகிவிடும். குறியுள்ள 64 பிட் என்றால் மீதி 3037000499-ஐத் தாண்டினாலே போச்சு. பெருக்கலை 128 பிட்டில் செய்யுங்கள், அல்லது பைத்தானில் எழுதுங்கள். 3-ஐ 31 முறை வர்க்கப்படுத்தி மீதி எடுத்தால் −1 வர வேண்டும், பகா எண்ணாக இருந்தால். வருவது 10324303.