பயோவா, நீதிமன்றமா? பதில் ஒரு படக்காட்சியில்

முல்லைத்தீவிலிருந்து கேட்ட அம்மாவுக்கு,

பள்ளிக்கூடத்தில் 'ஜெய் பீம்' பார்த்ததிலிருந்து மகள் "கோட்டிலதான் (நீதிமன்றத்தில்தான்) வேலை செய்வன்" என்கிறாள். கனடாப் பெரியப்பாவோ, "பல்கலைக்கழகத்துக்கு மாவட்டக் கோட்டா (மாவட்ட ஒதுக்கீடு) இருக்கு, உயர்தரத்துக்குப் பயோ (உயிரியல் பிரிவு) படிக்கட்டும்" என்கிறார். உயர்தரத்துக்கு எந்தப் பிரிவில் விடுவது என்று தெரியாமல் உங்களுக்கு நித்திரையில்லை.

கோட்டா வெட்டுப்புள்ளியைத்தான் இறக்கும். இரசாயனவியலில் மனமில்லாத பிள்ளையைச் சித்தியடைய வைக்காது. யாழ்ப்பாணத்தில் அறை, ரியூசன், பிறகு பரீட்சை இரண்டாந்தரம், மூன்றாந்தரம். இதற்காகக் காணியோ நகையோ ஈடு வைக்கவே வேண்டாம். காசு பெரியப்பா அனுப்பினாலும் போகிற வருடங்கள் மகளுடையவை.

சட்டத்தரணியாகும் வழி எல்லோருக்கும் தெரியும். யாரும் நினைக்காதது நீதிமன்ற உரைபெயர்ப்பாளர் வேலை. படத்தில் வரும் ஆட்கொணர்வு மனு (பிடித்துச் செல்லப்பட்டவரை நீதிமன்றத்தில் முன்னிறுத்தக் கேட்கும் மனு) சென்னை உயர் நீதிமன்றத்தில் நடக்கிறது. இலங்கையில் அதே மனுவை அரசியலமைப்பின் 141ஆம் உறுப்புரைப்படி மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும், 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு மாகாண மேல் நீதிமன்றத்திலும் போடலாம். 2009இல் போர் முடிவில் சரணடைந்தவர்களுக்காக வவுனியாவில் போட்ட மனுக்களின் விசாரணை முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்துக்கு வந்தது. வடக்கில் நீதிமன்ற மொழி தமிழ். சிங்களத்தில் சாட்சி சொல்பவரின் ஒவ்வொரு சொல்லும் உரைபெயர்ப்பாளர் வாயால்தான் ஏட்டில் ஏறும்.

மகளுக்கு இது சரிவருமா என்று அந்தப் படத்தை வைத்தே பள்ளிக்கூடத்தில் பார்க்கலாம். சித்திரவதைக் காட்சிகளை ஆசிரியர் தாண்டிவிட வேண்டும். சொந்தத்தைத் தொலைத்த பிள்ளைகள் அந்த வகுப்பில் இருக்கிறார்கள். குறுக்கு விசாரணையில் ஐந்து நிமிடம் போதும். ஒவ்வொரு பதிலிலும் நிறுத்தி, மகளைச் சிங்களத்தில் சொல்லச் சொல்லுங்கள். சிங்கள ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் நல்லது. பிறகு சிங்களத்திலிருந்து தமிழுக்கு.

பிழைக்கும் இடங்கள் இரண்டு. சாட்சி "நான் கண்டேன்" என்றால் "நான் கண்டேன்" என்றே வரவேண்டும். உரைபெயர்ப்பாளர் "கண்டாராம்" என்று சொன்னால் அந்த 'ஆம்' நேரில் கண்டதைக் கேள்விப்பட்டதாக்கிவிடும். மற்றது, சிங்களத்தில் "மத்தக்க நெஹெ" என்றால் ஞாபகமில்லை. "தன்னே நெஹெ" என்றால் தெரியாது. அவசரத்தில் இரண்டையும் ஒன்றாக்கினால் சாட்சியமே மாறிப்போகும். தான் விட்ட பிழையைப் பிள்ளை தானாகவே திரும்பத் திருத்தினால், ஆசை படத்தோடு போகிற ஆசையில்லை.

அப்படியென்றால் உயர்தரத்துக்குக் கலைப்பிரிவு, அதோடு இன்றிலிருந்தே பேச்சுச் சிங்களம். பிறகு யாழ் பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்புக் கற்கை, அல்லது அகலவத்தையில் உள்ள தேசிய மொழிக்கல்வி, பயிற்சி நிறுவகம். உயர்தரப் பாடப் படிவத்தை நிரப்பும்போது பேனை மகளின் கையில் இருக்கட்டும். பெரியப்பாவோடு நீங்கள் பேசுங்கள், அவளைப் பேச விடாதீர்கள்.