ரூபே கல்லை வென்றவர்கள் – சைக்கிள் கேள்வி பதில்

சித்திரை பிறக்கிற வாரத்தை ஒட்டி வடக்கு பிரான்சில் ஒருநாள் சைக்கிள் பந்தயம் ஒன்று நடக்கும். பெயர் பாரிஸ்–ரூபே. தூரம் 260 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. பாளையங்கோட்டையிலிருந்து கன்னியாகுமரி போய், திரும்பி வந்து, மறுபடியும் கன்னியாகுமரி போனால் கிட்டத்தட்ட அந்தத் தூரம். அதில் 55 கிலோமீட்டர் கருங்கல் பாவிய பழைய வண்டித்தடம். அதை ஜெயித்தவர்களைப் பற்றி வந்த கேள்விகளே இந்த முறை அதிகம்.

அண்ணாச்சி, அதிக தடவை ஜெயிச்சது யாரு? அவர்தான் பெரிய ஆளுன்னு வச்சுக்கிடலாமா?
– வாசகர், சேரன்மகாதேவி

2025 வரைக்குமான கணக்கில் நான்கு முறை ஜெயித்தவர்கள் இரண்டு பேர், இருவரும் பெல்ஜியக்காரர்கள். ரோஜர் டி விளாமிங்க் 1972, 1974, 1975, 1977. டாம் போனன் 2005, 2008, 2009, 2012. மூன்று முறைக்காரர்கள் எட்டுப் பேர்: லாபீஸ், ரெப்ரி, வான் லோய், மெர்க்ஸ், மோசர், மூசேவ், கான்செல்லாரா, வான் டெர் பூல். இந்த எட்டில் லாபீஸ் (1909–11), மோசர் (1978–80), வான் டெர் பூல் (2023–25) மூவரும் அடுத்தடுத்து மூன்று வருஷம் ஜெயித்தவர்கள்.

ஆனால் வெற்றியை மட்டும் எண்ணினால் இந்தப் பந்தயம் பிடிபடாது. டி விளாமிங்க் 14 முறை கிளம்பி 13 முறை கடைசிவரை வந்து சேர்ந்தார். ஜெயித்த நான்கு போக, நான்கு முறை இரண்டாம் இடம். பஞ்சர், விழுகை, சேறு, அடுத்தவன் விழுந்து நம்மை இழுத்துப் போடுவது என்று ஆயிரம் வில்லங்கம் உள்ள இடத்தில் அந்தப் பதின்மூன்றுதான் எங்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது. போனன் 2012இல் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தனியாக ஓட்டி வந்தது அழகு, ஒத்துக்கொள்கிறோம். இருவரில் ஒருவரைச் சொல் என்றால் டி விளாமிங்க்.

மெர்க்ஸ் கட்சிக்காரர்கள் கோபிக்க வேண்டாம். 22 வயதில், உலக சாம்பியன் சட்டையோடு 1968இல் ஜெயித்தவர் அவர். 1970இல் இரண்டாவது வந்தவரை ஐந்து நிமிடத்துக்கு மேல் பின்னால் விட்டார். அந்த இரண்டாமவர் வேறு யாருமில்லை, டி விளாமிங்க்தான்.

பாரிஸ் என்று பெயர். முடிவது ரூபே என்ற சின்ன ஊரில். ஏன்?
– மில் தொழிலாளி, விக்கிரமசிங்கபுரம்

உங்களுக்கு இது சுலபமாக விளங்கும். பாபநாசம் மில் சங்கை வைத்து உங்கள் ஊர் பொழுதைக் கணக்கிட்டது போல, ரூபேயும் மில்களால் வளர்ந்த ஊர். தியோடோர் வியென், மோரிஸ் பெரெஸ் என்ற இரண்டு ஜவுளி முதலாளிகள் அங்கே சைக்கிள் ஓட்ட வட்டமைதானம் கட்டினார்கள். அதற்குக் கூட்டம் சேர்க்க, பாரிஸிலிருந்து ஒரு பந்தயம் வந்து அங்கே முடியட்டும் என்று 1896இல் தொடங்கியதுதான் இது. முதல் வெற்றி ஜெர்மானியர் யோசப் ஃபிஷருக்கு. 280 கிலோமீட்டரை 9 மணி 17 நிமிடத்தில் முடித்தார். அடுத்த ஜெர்மானியர் ஜெயிக்க 2015 வரை, டேகன்கோல்ப் வரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. 1897, 1898 இரண்டும் மோரிஸ் காரனுக்கு. 1903இல் முதல் டூர் டி பிரான்ஸை ஜெயித்தவரும் அவரே.

இப்போது பந்தயம் பாரிஸில் கிளம்புவதே இல்லை. 1977 முதல் வடக்கே கொம்பியேன் என்ற ஊரிலிருந்து கிளம்புகிறது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

'வடக்கின் நரகம்' என்ற பட்டப்பெயருக்குக் கல் காரணமில்லை. முதல் உலகப்போர் முடிந்து 1919இல் பந்தயம் மறுபடி தொடங்கியபோது, குண்டு விழுந்து கிடந்த நிலத்தைப் பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. மூன்று முறை ஜெயித்த லாபீஸ் அதற்குள் இறந்துவிட்டார். விமானியாகப் போருக்குப் போனவர், 1917இல் வீழ்த்தப்பட்டார். 1913இல் ஜெயித்த ஃபேபரும் போரில்தான் போனார்.

1949க்கு இரண்டு பேர் பெயர் போட்டிருக்கிறதே, அச்சுப்பிழையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லிடைக்குறிச்சி

பிழையில்லை சார். முன்னால் வந்த மூவர் குழுவை மைதானத்தின் வாசலில் நின்றவர்கள் தவறான பக்கம் திருப்பிவிட்டார்கள். அவர்கள் வேறு வாசல் வழியாக உள்ளே நுழைந்தார்கள், அதில் ஆன்ட்ரே மாஹே முதலாவது வந்தார். பின்னால் வந்த கூட்டத்தில் முதலாவது செர்சே கோப்பி, புகழ்பெற்ற இத்தாலிய வீரர் ஃபவுஸ்டோ கோப்பியின் தம்பி. குறித்த பாதையில் வராதவனுக்கு வெற்றி கிடையாது என்று இத்தாலியர்கள் முறையிட்டார்கள். ஏப்ரலில் ஓடிய பந்தயத்துக்கு நவம்பரில்தான் தீர்ப்பு வந்தது: இருவரும் முதல்வர். சரியான தீர்ப்பா என்றால், எங்கள் ஓட்டு மாஹேவுக்கு. வழிகாட்டியவன் செய்த தப்புக்கு ஓட்டியவன் எப்படிப் பொறுப்பாவான்?

எங்கள் பக்கம் ஜல்லி பெயர்ந்த ரோடு, மீறினால் உடைமுள். அந்தக் கல்லில் ஓட்டி ஜெயித்தவர்கள் டயரில் எவ்வளவு காத்து வைக்கிறார்கள்? நானும் அப்படி வைக்கலாமா?
– வாசகர், களக்காடு

நல்ல கேள்வி, இதற்குக் கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும்.

ஒரு காலத்தில் அங்கே 24 முதல் 27 மி.மீ. வரை அகலமுள்ள, ரிம்மில் பசை போட்டு ஒட்டும் டயர்கள்தான். இப்போது 30, 32 மி.மீ. ட்யூப்லெஸ் சாதாரணமாகிவிட்டது, காற்றும் 4 பாருக்குக் கீழே, அதாவது 58 பிஎஸ்ஐக்கும் கீழே இறங்கிவிட்டது. கல்லென்று ஊதிய ஒல்லி டயர் ஒவ்வொரு கல்லிலும் சைக்கிளையும் ஆளையும் மேலே தூக்கிப் போடும். முன்னே போக வேண்டிய பலம் மேலும் கீழும் குதிப்பதில் வீணாகும். காற்று குறைந்த அகல டயர் கல்லை உள்வாங்கிக்கொண்டு உருளும்.

அதற்காக அவர்கள் அளவை அப்படியே வைக்காதீர்கள். உள்ளே டியூப் இருந்தால், காற்று குறையும்போது கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி அருகருகே இரண்டு ஓட்டை விழும். 70 கிலோ எடையுள்ளவர், 32 மி.மீ. டயர், உள்ளே டியூப் என்றால் பின்சக்கரத்துக்கு 60, முன்சக்கரத்துக்கு 55 பிஎஸ்ஐயில் ஆரம்பியுங்கள். 28 மி.மீ. என்றால் 75, 70. ரோடு மோசமானால் இரண்டிலும் ஐந்து குறைத்துப் பாருங்கள். ரிம் 'டங்'கென்று கல்லில் தட்டும் சத்தம் கேட்டால் குறைத்தது அதிகம், மறுபடி ஏற்றுங்கள். டயர் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் உச்ச அளவை எந்த நிலையிலும் தாண்ட வேண்டாம்.

கடையில் கம்ப்ரஸர் வைத்து, கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து 'போதும்ணே' என்பார்கள். அந்தக் கட்டைவிரலுக்கு 60க்கும் 80க்கும் வித்தியாசம் தெரியாது. மீட்டர் வைத்த நிற்கும் பம்ப் ஒன்று வாங்கிவிடுங்கள். ஒல்லி வால்வாக இருந்தால் கடைக் குழாயில் பொருந்தாது, பித்தளை அடாப்டர் ஒன்று பையில் கிடக்கட்டும். இன்னொன்று: விடிகாலையில் 60 ஏற்றிய டயர், மதிய வெயிலில் 25 டிகிரி சூடேறினால் 66 வரை போகும். ஆகவே உச்ச அளவை ஒட்டி ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள்.

முள்ளுக்கு வருவோம். உடைமுள் குத்தினால் டியூபை மட்டும் மாற்றி ஓடுபவர்கள் அரை கிலோமீட்டரில் மறுபடி உட்காருவார்கள், ஏனென்றால் முள்ளின் நுனி டயருக்குள்ளேயே முறிந்து நிற்கும். பழைய துணியை டயரின் உள்பக்கம் முழுச்சுற்று ஓட்டுங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள் இருக்கிறது, கொறடு வைத்துப் பிடுங்குங்கள். விரலை விட்டுத் தேடினால் விரலுக்கு ஓட்டை. ட்யூப்லெஸ் என்றால் 32 மி.மீ. டயருக்கு 40 முதல் 60 மில்லி சீலன்ட் (ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவம்) போதும். நம் வெக்கையில் இரண்டு மூன்று மாதத்தில் அது காய்ந்து தோலாகிவிடும். திறந்து பார்த்து ஊற்றுங்கள். முள்ளைப் பிடுங்கியதும் ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி ஒரு நிமிடம் நிறுத்தினால் சீலன்ட் தானே அடைக்கும்.

ஓட்டும் முறை: ஹேண்டில்பாரின் மேல்பகுதியைத் தளர்வாகப் பிடிக்க வேண்டும். இறுக்கினால் கல்லின் அடி தோள்பட்டைக்கு ஏறும். கனமான கியரில் மிதித்தால் சைக்கிள் நேர்கோட்டில் நிற்கும். கல்தடத்தின் நடுமுதுகுதான் பத்திரம். காய்ந்த நாளில் ஓரத்து மண்ணில் ஓட்டுவது சுகம்தான், ஆனால் கூர்கல் எல்லாம் அங்கேதான் ஒதுங்கிக் கிடக்கும். தண்ணீர் பாட்டில் ஸ்டாண்டை உள்பக்கம் கொஞ்சம் வளைத்து இறுக்குங்கள், இல்லாவிட்டால் முதல் குலுக்கலிலேயே பாட்டில் பறந்துவிடும்.

ஒருமுறை பலமாக விழுந்த சைக்கிளை நம்பக் கூடாது. 2006இல் அமெரிக்கர் ஹின்கேபி பந்தயத்தின் முன்பகுதியில் விழுந்து எழுந்து ஓட்டினார். பிறகு கல்தடத்தில் முன்ஃபோர்க்கின் மேல்குழாய் முறிந்து, ஹேண்டில்பார் தனியே கையோடு வந்துவிட்டது. அடுத்த நொடி தரையில் கிடந்தார். விழுந்தால் வீட்டுக்கு வந்ததும் அந்தக் குழாயைக் கழற்றிக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ரயில்வே கேட் போட்டால் பந்தயக்காரர்களும் நிற்க வேண்டுமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

கட்டாயம். அதே 2006இல் கான்செல்லாரா தனியாகக் கேட்டைக் கடந்து போய்விட்டார். துரத்தி வந்த ஹோஸ்ட், வான் பெட்டகெம், குசேவ் மூவரும் மூடிய கேட்டைத் தாண்டினார்கள். இரண்டு, மூன்று, நான்காவது வந்தும் மூவரையும் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள். ஐந்தாவதாக வந்த போனன் இரண்டாம் இடத்துக்கு ஏறினார். கேட்டுக்கு அடியில் சைக்கிளைச் சாய்த்து நுழைத்துப் போகிற நம்மூர்க்காரர்கள் படித்துவைக்கலாம்.

பெண்களுக்கு இந்தப் பந்தயம் உண்டா?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

உண்டு, ஆனால் 125 வருஷம் தாமதம். 2021 அக்டோபரில்தான் முதல் பந்தயம் நடந்தது. கொரோனாவால் அந்த வருஷம் ஆண்களுக்கும் அக்டோபர்தான். 116 கிலோமீட்டரில் 80க்கு மேல் தனியாக ஓட்டி ஜெயித்தார் பிரிட்டனின் லிஸி டெய்னன். கையுறை போடாமல் ஓட்டியதால் ஹேண்டில்பார் டேப் முழுக்க ரத்தம். அவருக்குக் கிடைத்த பரிசு 1,535 யூரோ. மறுநாள் ஜெயித்த ஆண், சோனி கோல்பிரெல்லிக்கு 30,000 யூரோ. பிறகு எலிசா லோங்கோ போர்கினி (2022), அலிசன் ஜாக்சன் (2023), லோட்டே கோபெக்கி (2024), போலின் ஃபெரான்-ப்ரேவோ (2025). கடைசியாகச் சொன்னவர் அதே 2025இல் பெண்கள் டூர் டி பிரான்ஸையும் எடுத்தார். அதற்கு முந்தைய வருஷம் மலைச் சைக்கிளில் ஒலிம்பிக் தங்கம். கரடுமுரடான தடத்தில் சைக்கிளை அடக்கத் தெரிந்த கை என்றால் இப்படித்தான்.

கையுறை விஷயத்தில் டெய்னன் வழி வேண்டாம். டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, மெல்லிய கையுறையும் போடுங்கள்.

எனக்கு 37 வயது. இப்போது பந்தயச் சைக்கிள் வாங்கினால் வீட்டில் சிரிக்கிறார்கள்.
– வாசகர், நாங்குநேரி

கில்பர் துக்லோ-லாசால் 1980இலும் 1983இலும் இரண்டாவது வந்து ஏங்கியவர். முதல் வெற்றி 1992இல், 37 வயதில். அடுத்த வருஷம் 38இல் மறுபடியும் ஜெயித்தார். பல்லெரினி தானே ஜெயித்ததாகக் கையைத் தூக்கிவிட்டார், போட்டோவைப் பார்த்தால் எட்டு சென்டிமீட்டர் பின்னால்! அந்த இரண்டு முறையும் துக்லோ முன்ஃபோர்க்கில் ஸ்பிரிங் சஸ்பென்ஷன் வைத்து ஓட்டினார். வாங்குங்கள். சஸ்பென்ஷன் மட்டும் வேண்டாம், எடை கூடும். அந்த வேலையை இன்று அகல டயரே செய்துவிடுகிறது.

ஆனி, ஆடியில் வள்ளியூரிலிருந்து எங்கள் ஊருக்கு ஓட்டினால் காத்து ஆளைத் தள்ளுகிறது. அங்கே இப்படிக் காற்று உண்டா?
– வாசகர், பணகுடி

உண்டு. பக்கத்து நாடான பெல்ஜியத்தில் 2015 கென்ட்–வெவெல்கெம் பந்தயத்தில் காற்று ஆட்களை ஓடைக்குள் தள்ளியது. அன்று ஜெயித்தவர் 38 வயது லூக்கா பாவோலினி. ஓடையில் விழுந்து எழுந்த ஜெரைன்ட் தாமஸ் மூன்றாவது.

பக்கக்காற்றில் அவர்கள் நேர் பின்னால் ஒட்டுவதில்லை. காற்று வலப்பக்கம் என்றால், முன்னவருக்கு இடப்பக்கம் சற்றுப் பின்னால், சாய்வு வரிசையில் ஒதுங்குவார்கள். நீங்கள் தெற்கே போகும்போது ஆரல்வாய்மொழிக் காற்று வலப்பக்கம்தான். ஆனால் நான்குவழிச் சாலையில் இரண்டு பேருக்கு மேல் இப்படிப் போகாதீர்கள். அதைவிட முக்கியம், காற்றைச் சமாளிக்க வலப்பக்கம் சாய்ந்து ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். லாரி ஒன்று முந்தும்போது காற்று சட்டென்று மறைபடும், சாய்ந்த வாக்கில் லாரிப் பக்கமே இழுபடுவீர்கள். அது கடந்ததும் காற்று திரும்ப அறைந்து இடப்பக்கம் மண்ணுக்குத் தள்ளும். பின்னால் லாரிச் சத்தம் கேட்டதுமே மிதிப்பதை நிறுத்தி, கையைத் தாழ்த்தி, இடப்பக்கம் ஒரு முழம் கூடுதலாக இடம் வைத்துக்கொள்ளுங்கள். உயர ரிம் சக்கரம் இருந்தால் ஐப்பசி வரை பரணில் கிடக்கட்டும்.

ஜெயித்தால் கோப்பை தருவார்களா? எத்தனை மணிக்குப் பார்க்கலாம்?
– பள்ளி மாணவர், திசையன்விளை

கோப்பை இல்லை தம்பி, கல். பாதையில் கிடப்பது மாதிரி ஒரு பாவுகல்லைப் பீடத்தில் பதித்து 1977 முதல் கொடுக்கிறார்கள். நம்ம இளவட்டக்கல் கனம் கிடையாது, ஆனாலும் ஆறு மணி நேரம் குலுங்கிய கையால் அதைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். மைதானத்துப் பழைய குளியலறையில் ஒவ்வொரு தடுப்பிலும் ஜெயித்தவர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு இருக்கிறது. கடைசி ஒன்றரைச் சுற்று நம் நேரப்படி இரவு எட்டு மணியிலிருந்து ஒன்பதுக்குள் வரும். ஏழு மணிக்கே உட்கார்ந்துவிடு, கார்ஃபூர் டி லார்ப்ர் என்ற கடினமான கல்தடம் அந்தக் கடைசிச் சுற்றுக்கு முன்னாலேயே வந்துவிடும்.